தோட்டம் கிராமமாக வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலில் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடற்கரையைக் காட்டிலும் மலைநாடே அதிக உயிர்களை இழந்தது. கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைச்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. இதற்குப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்னர், 2014 அக்டோபர் 29 அன்று, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அருகிலுள்ள மீரியபெத்தையில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் புதைந்தன. ஒவ்வொரு அழிவுக்குப் பின்னரும் மலையகத் தமிழ் மக்கள் முன் எழுந்து நிற்பது ஒரே கேள்விதான்: இந்த மண்ணை விட்டு வேறு எந்த மண்ணுக்குப் போவது?

இடிந்த வீட்டுக்குப் பதிலாக வேறு வீடு கட்ட அரசு பணம் ஒதுக்கலாம். கட்டுவதற்கு நிலம் வேண்டுமே! தொழிலாளி குடியிருக்கும் லயன் அறை அவருக்குச் சொந்தமில்லை. அது நிற்கும் தரையும் சொந்தமில்லை. எதிரேயுள்ள பாதுகாப்பான மேட்டுநிலம் அரசுடைமை என்றாலும் அது கம்பெனியின் குத்தகையில் இருக்கிறது. ஊர்மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த பிரதேச சபைக்கோ தோட்டத்துக்குள் ஒரு சாண் நிலத்தின்மீதும் அதிகாரமில்லை. மழையும் காற்றும் இயற்கையின் செயல்கள். மக்கள் ஆபத்தான சரிவிலேயே கட்டுண்டு கிடப்பதற்குக் காரணம் நிலவுடைமையும் அதன்மீது கட்டப்பட்ட நிர்வாக அமைப்புமே ஆகும்.

இந்த உண்மையைத் தெளிவாகக் காட்டும் இடம் நுவரெலியா மாவட்டம். மலையகத் தமிழர்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரே மாவட்டம் அது. அங்கே அவர்கள் குடிமக்கள், வாக்காளர்கள்; அமைச்சர்களையும் நாடாளுமன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஆயினும் அவர்கள் வாழும் இடம் இன்றுவரை கிராமம் என்ற தகுதியைப் பெறவில்லை. தோட்டம் கிராமமாக மாறாதவரை அவர்களது குடியுரிமை அரைக் குடியுரிமையாகவே இருக்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலமும் நீரும்

இலங்கையின் நடுவே உயர்ந்து நிற்கும் மலைத்தொகுதியின் முடிப் பகுதி நுவரெலியா மாவட்டம். பரப்பளவு சுமார் 1,740 சதுர கிலோமீட்டர். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகால (2,524 மீட்டர்) நுவரெலியா நகரை ஒட்டி நிற்கிறது. நகரமே 1,868 மீட்டர் உயரத்தில் உள்ளது. இலங்கையின் மிக நீளமான ஆறான மகாவலியின் தலையூற்றுகள் இம்மலைகளில்தான் தொடங்குகின்றன. கொழும்பைத் தொட்டுக் கடலில் கலக்கும் களனி ஆறும் சிவனொளிபாதமலையின் பக்கத்திலிருந்தே இறங்குகிறது. வடமத்திய சமவெளியின் நெல்வயல்களுக்கும் தலைநகரின் குடிநீர்க் குழாய்களுக்கும் இம்மலைகளே ஆதாரம்.

மின்சாரமும் இங்கிருந்தே போகிறது. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, மேல் கொத்மலை என நீர்த்தேக்கங்கள் வரிசையாக அமைந்துள்ளன. மவுசாக்கலை அணைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கடிக்கப்பட்டது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டம் தலவாக்கலையில் 150 மெகாவாட் மின்சாரம் தருகிறது. தேயிலை தரும் அந்நியச் செலாவணியும் சேர்ந்தால், ஒரு நாட்டின் பொருளாதாரத்தைத் தோளில் சுமக்கும் மாவட்டம் இது என்பது விளங்கும்.

2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 லட்சத்து 11 ஆயிரம். இவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மலையகத் தமிழர்கள். மாவட்டத்தின் மேற்கிலும் நடுவிலும், ஹட்டன், டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை, அக்கரப்பத்தனை ஆகிய பகுதிகளில் தேயிலைத் தோட்டங்கள் இடைவெளியின்றிப் பரந்துள்ளன. ஹங்குராங்கெத்த, வலப்பனை, கொத்மலை பக்கத்தில் சிங்கள விவசாயிகளின் பழைய கிராமங்களும் படிவயல்களும் உள்ளன. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வகை நிலம், இரண்டு வகைக் குடியிருப்பு. இந்தப் பிளவு இயற்கையில் தோன்றியதில்லை.

தோட்டம் எப்படி வந்தது?

1815இல் கண்டி அரசு பிரிட்டிஷார் கையில் வீழ்ந்தது. 1833இல் தீவை ஐந்து மாகாணங்களாகப் பிரித்தபோது, பழைய அரசின் நிலப்பரப்பைத் துண்டாடி, எஞ்சிய நடுப்பகுதியை மத்திய மாகாணம் ஆக்கினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலங்கள் பற்றிய சட்டம், பத்திரம் காட்ட முடியாத காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் சேனைப் பயிர் நிலங்களையும் அரசுக்குச் சொந்தமாக்கியது. அந்நிலங்கள் அற்ப விலைக்குக் காப்பித் தோட்ட முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. கண்டிச் சீமையின் விவசாயி தன் மேட்டுநிலத்தை இழந்தார்.

அந்த நிலத்தில் உழைப்பதற்கு மதுரை, திருச்சி, தஞ்சை, திருநெல்வேலி, சேலம் மாவட்டங்களிலிருந்து, பஞ்சத்தாலும் கடனாலும் சாதிக் கொடுமையாலும் விரட்டப்பட்ட உழவர்களைக் கங்காணிகள் திரட்டிச் சென்றனர். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்த அந்தப் பயணத்தில் மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. 1869க்குப் பின் இலைநோய் காப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1885இல் ரயில் நானுஓயாவை எட்டியது. காப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே தொழிலாளியைக் குடும்பத்தோடு தோட்டத்துக்குள்ளேயே நிறுத்திவைக்கும் லயன் முறை நிலைபெற்றது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைகள் வரிசையாக, காலையில் பெரட்டு, மேலே துரை, கீழே கணக்கப்பிள்ளை, கங்காணி. வேலை போனால் அறையும் போகும். குடியிருப்பை வேலையோடு பிணைத்த இந்த முடிச்சுதான் தோட்ட ஆட்சியின் அடிப்படை.

இங்கே ஒன்றை மறந்துவிடக் கூடாது. நிலத்தை இழந்த சிங்கள விவசாயியும், நிலமே இல்லாமல் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் ஒரே கொள்ளையின் இரு பலிகள். இந்த இருவரையும் ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவதே அன்று முதல் ஆளும் வர்க்க அரசியலின் வெற்றியாக இருந்துவருகிறது.

நிர்வாகத்தின் மூன்று ஏணிகள்

இலங்கையின் நிர்வாக அமைப்பை நம் தோழர்கள் புரிந்துகொள்ள ஓர் ஒப்பீடு உதவும். மொத்தம் 9 மாகாணங்கள், 25 மாவட்டங்கள். மாவட்டத்தின் தலைமை அதிகாரியான அரசாங்க அதிபர் நம் ஊர் மாவட்ட ஆட்சியரைப் போன்றவர். அவருக்குக் கீழே பிரதேச செயலகம். ஏறத்தாழ நமது தாலுகா அலுவலகம். அதற்கும் கீழே கிராம உத்தியோகத்தர். நமது கிராம நிர்வாக அலுவலர். இது கொழும்பிலிருந்து இறங்கிவரும் அதிகாரிகளின் ஏணி.

இரண்டாவது, மக்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்புகளின் ஏணி. மேலே மாகாண சபை. கீழே மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை. நுவரெலியா மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, ஹட்டன்–டிக்கோயா, தலவாக்கலை–லிந்துலை என இரு நகர சபைகள், ஒன்பது பிரதேச சபைகள் உள்ளன.

மூன்றாவது ஏணி எந்த அரசியல் சட்டத்திலும் இல்லை. அதுதான் தோட்ட நிர்வாகம். லயனின் கூரைத் தகட்டை மாற்றவும், ஓர் அறையைக் கூட்டிக் கட்டவும், காய்கறி பயிரிடவும் துரையின் சம்மதம் வேண்டும். தொழிலாளர் குடும்பங்களுக்குத் தனி முகவரி இல்லாமல் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேர்ந்த காலம் மிக நீண்டது. வேலைவாய்ப்பு நேர்காணல் கடிதமும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதமும் காலங்கடந்து கையில் கிடைத்த கதைகளை மலையகத்தின் எந்தத் தோட்டத்திலும் கேட்கலாம்.

முதல் இரு ஏணிகளும் தோட்டத்தின் வாயிலோடு நின்றுவிடுகின்றன. உள்ளே மூன்றாவது ஏணியின் ஆட்சி. இது எவ்வாறு சட்டத்தின் துணையோடு நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

வேலிக்கு வெளியே நிறுத்திய சட்டங்கள்

1931இல் டொனமூர் அரசியலமைப்பு இலங்கைக்கு வயதுவந்தோர் வாக்குரிமையைக் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளருக்கு அது நிபந்தனைகளோடு கிடைத்தது. ஆனால் அதே பத்தாண்டின் இறுதியில் கிராமச் சபைகளுக்கான சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டங்களில் குடியிருந்த இந்தியத் தொழிலாளர் அச்சபைகளின் வாக்காளர் பட்டியலில் சேர முடியாதபடி செய்யப்பட்டது. தோட்டம் வேறு, கிராமம் வேறு என்ற கொள்கை உள்ளாட்சிச் சட்டத்துக்குள் அன்றே நுழைந்துவிட்டது.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. மேலும் பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரி வேட்பாளர்களுக்கு வலுவூட்டின. ஐக்கிய தேசியக் கட்சியின் அரசு இதற்குக் கொடுத்த பதில் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிக்கப்பட்டது. லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் அதை வன்மையாக எதிர்த்தன. அது இனவெறியோடு கூடிய வர்க்கத் தாக்குதல் என்று அவர்கள் அன்றே அடையாளம் கண்டது சரியானது.

பின்னர் மக்கள் எண்ணிக்கைகளாகப் பேரம் பேசப்பட்டனர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கில் கொண்டது. அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று விடப்பட்டு, 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். அம்மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இராமேசுவரம் வழியாகத் தமிழகம் வந்தனர். எஞ்சியோரில் கடைசி மனிதருக்கும் குடியுரிமைக்கு வழி பிறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். 1948இலிருந்து கணக்கிட்டால் 55 ஆண்டுகள்.

குடியுரிமை வந்தது, கிராமம் வரவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் இயற்றப்பட்டபோது, தோட்டம் தனியார் நிர்வாகத்துக்கு உட்பட்ட இடம் என்ற காரணத்தால் பிரதேச சபை தன் நிதியை அங்கே செலவிட முடியாத நிலை அதன் 33ஆம் பிரிவின்வழி நீடித்தது. தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம்; ஆனால் தம் லயனுக்குச் செல்லும் பாதையைச் செப்பனிட அதே சபையின் பணத்தை எடுக்க முடியாது. இந்தப் பிரிவை மாற்ற 31 ஆண்டுகள் ஆயின. 2018இல் வந்த திருத்தம் பாதை, கிணறு போன்ற பொது வசதிகளைத் தோட்டக் குடியிருப்புகளிலும் ஏற்படுத்த வழி திறந்தது. இது போராடிப் பெற்ற முன்னேற்றம், ஐயமில்லை. ஆனால் நிலம் கம்பெனியின் குத்தகையில் இருக்கும்வரை, சபை அங்கே விருந்தாளியாகத்தான் நுழைய முடியும்.

எண்கள் சொல்வது

மாவட்டத்தின் பிரதேச செயலகங்கள் நெடுங்காலம் ஐந்தாக இருந்தன: நுவரெலியா, அம்பகமுவ, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த. தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரண்டிலும் தலா இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தனர். மற்ற மூன்றிலும் தலா ஒரு லட்சம் அளவில், அல்லது அதற்கும் குறைவாக.

கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைப் பார்த்தால் பாகுபாடு இன்னும் வெளிப்படையாகத் தெரியும். ஹங்குராங்கெத்தவில் 131 பிரிவுகள், அம்பகமுவவில் 67. அதாவது ஒரு லட்சத்தை எட்டாத மக்களுக்கு 131 அலுவலர்கள், இரண்டு லட்சத்தைத் தாண்டிய மக்களுக்கு அதில் ஏறக்குறைய பாதி. ஹங்குராங்கெத்தவில் சராசரியாக 700 பேருக்கு ஒருவர். அம்பகமுவவில் 3,000 பேருக்கு ஒருவர். அடையாள அட்டை, நலத்திட்ட உதவி, பிறப்பு–இறப்புச் சான்று, வெள்ள நிவாரணம் எல்லாவற்றுக்கும் முதல் கையெழுத்து இந்த அலுவலரிடமே தொடங்குகிறது. ஹங்குராங்கெத்த விவசாயிக்கு அரசு கூடுதலாக எதையும் அள்ளித் தரவில்லை. கிராமம் என்றால் அரசு அங்கே இருக்க வேண்டும் என்ற குறைந்தபட்ச விதி அங்கே செயல்பட்டது. தோட்டத்தில் மூவாயிரம் பேர் இருந்தாலும், அவர்கள் துரையின் பொறுப்பு என்று அரசு ஒதுங்கிக்கொண்டது.

மக்கள் போராட்டங்களின் விளைவாகச் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. 2018 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் நுவரெலியா, அம்பகமுவ ஆகிய இரு பெரும் பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய இடங்களில் புதிய சபைகள் பிறந்தன. 2019இல் ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளைப் பத்தாக்கும் முடிவும் எடுக்கப்பட்டது. ஆனால் பெயர்ப் பலகை மாறுவதோடு அலுவலர்களும் வாகனங்களும் நிதியும் தாமாக வந்து சேர்வதில்லை. தமிழும் சிங்களமும் நிர்வாக மொழிகள் என்று 1999இலேயே இம்மாவட்டத்தின் பிரிவுகளுக்கு அறிவிக்கப்பட்டும், தமிழறிந்த அலுவலர் பற்றாக்குறையால் சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரேனும் நிரப்பித் தரமாட்டார்களா என்று காத்து நிற்கும் நிலை தொடர்கிறது.

மேலே உள்ள மாகாண சபையின் கதை இன்னும் மோசம். மத்திய மாகாண சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பரில். 2018இல் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆளுநரும் அதிகாரிகளும் மாகாணத்தை நடத்துகின்றனர். ஆளுநர்களின் அதிகாரம் பற்றி நம் நாட்டில் போராடிவரும் நமக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட சபையே இல்லாத மாகாணம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

நாட்டுடைமை, தனியார்மயம்: இரண்டிலும் விடுபட்டவர்

இந்நாட்டு இடதுசாரி இயக்கத்துக்கு மலைநாட்டில் பெருமைக்குரிய வரலாறு உண்டு. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் ஊதிய உயர்வுக்காக வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்மீது போலீஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிர்நீத்தார். விசாரணையில் தொழிலாளர் தரப்பில் வாதாடியவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா.

ஆனால் 1970இல் அமைந்த ஐக்கிய முன்னணி அரசில் அதே கொல்வின் தோட்டத் தொழில் அமைச்சராக இருந்தபோது வந்த 1972 நிலச் சீர்திருத்தச் சட்டமும், 1975இல் கம்பெனித் தோட்டங்களைக் கையகப்படுத்திய திருத்தமும், நிலத்தைத் தொழிலாளியிடம் கொண்டு சேர்க்கவில்லை. வெள்ளைக்காரக் கம்பெனியின் இடத்தில் அரசுக் கூட்டுத்தாபனம் வந்தது. லயன் லயனாகவே இருந்தது. 1973–74 உணவுப் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977 மே மாதம், நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்ட நிலத்தைத் தொழிலாளரைப் புறக்கணித்து வெளியாருக்குப் பிரித்துக் கொடுக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் போலீஸ் குண்டுக்குப் பலியானார். நிலமற்ற சிங்கள ஏழைக்கு நிலம் தருவது நியாயமே. அந்த நிலத்தில் நான்கு தலைமுறையாக உழைத்தவரும் நிலமற்றவரே என்பதைப் பார்க்க மறுத்த சீர்திருத்தம், சீர்திருத்தமாகாது.

1992இல் தனியார்மயம் வந்தது. தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் போனது. நிலம் அரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட குத்தகையில் தரப்பட்டது. லயன்களும் கோயில்களும் விளையாட்டுத் திடல்களும் இடுகாடும் அந்தக் குத்தகையின் எல்லைக்குள்ளேயே அடங்கின. நாட்டுடைமையும் தனியார்மயமும் எதிரெதிர்க் கொள்கைகள். ஆயினும் இரண்டிலும் தொழிலாளி நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்ட பொருளாகவே இருந்தார். உடைமையை அரசு எடுத்துக்கொண்டால் போதும், உழைப்பவர் உரிமை தானாக வந்துவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதற்கு நுவரெலியாவைவிடக் கசப்பான பாடம் இல்லை.

மறுப்புகளுக்கு விடை

நிலம் கேட்டால் மூன்று மறுப்புகள் வரும்.

முதலாவது கம்பெனிகளுடையது: தோட்டத்தைத் துண்டு போட்டால் தேயிலைத் தொழில் அழியும். உண்மை நிலை வேறு. இன்று இலங்கைத் தேயிலையில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டதை உற்பத்தி செய்பவர்கள் சிறு தோட்ட உடைமையாளர்களே. அவர்களில் பெரும்பாலோர் தெற்கிலும் சபரகமுவையிலும் வாழும் சிங்கள விவசாயிகள். பலரிடம் ஓர் ஏக்கர்கூட இல்லை. சொந்த நிலத்தில் அவர்கள் கொழுந்து வளர்த்து ஆலைக்கு விற்க முடியுமென்றால், நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலையை மட்டுமே வளர்த்துவந்த மக்களுக்கு அது ஏன் முடியாது?

இரண்டாவது, வீடு கட்டித் தருகிறோமே, நிலம் எதற்கு என்பது. 2015க்குப் பின் தனி வீட்டுக்கு 7 பேர்ச் காணி என்று முடிவானது. நம் கணக்கில் அது நாலரை சென்டுக்கும் சற்றுக் குறைவு. இந்திய அரசு முதலில் 4,000 வீடுகளும், 2017இல் நோர்வூட்டில் பிரதமர் அறிவித்தபடி மேலும் 10,000 வீடுகளும் கட்ட உதவுகிறது. வரவேற்கிறோம். ஆனால் பலருக்குச் சட்டப்படி செல்லத்தக்க காணி உறுதி கையில் இல்லை. உறுதி இல்லாத வீட்டை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்கவைக்க முடியாது. பிரதேச சபையிடம் உரிமையோடு வரி செலுத்தி வசதி கேட்கவும் முடியாது. தோட்டத்தின் நடுவே புள்ளி புள்ளியாய் நிற்கும் வீடுகள் எத்தனை ஆயிரம் ஆனாலும் அவை தாமாகக் கிராமம் ஆகா.

மூன்றாவது, இனவாதிகளின் பூச்சாண்டி: மலையகத் தமிழருக்கு நிலம் கொடுத்தால் சிங்களவரின் நாடு பறிபோகும் என்பது. கண்டி விவசாயியின் நிலத்தைப் பறித்தது 1840ஆம் ஆண்டுச் சட்டம். இன்று அதை வைத்திருப்பவை கம்பெனிகள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் கையில் அந்த நிலத்தில் ஒரு பிடியும் இல்லை. தரிசாகக் கிடக்கும் தோட்ட நிலத்தை அயலிலுள்ள நிலமற்ற சிங்களக் குடும்பத்துக்கும் தோட்டக் குடும்பத்துக்கும் சேர்த்துப் பகிரும் திட்டமே இந்தப் பூச்சாண்டிக்குத் தக்க விடை. இடதுசாரிகளைத் தவிர வேறு யாரும் அத்தகைய திட்டத்தை முன்வைக்க மாட்டார்கள்.

இன்னொரு மாற்றத்தையும் கவனிக்க வேண்டும். இன்று லயன்களில் வாழ்வோரில் பெரும்பகுதியினர் தோட்டத்தின் பதிவேட்டுத் தொழிலாளர் இல்லை. கொழும்பின் கடைகளிலும், கட்டுமான வேலைகளிலும், வளைகுடா நாடுகளின் வீடுகளிலும் அவர்கள் உழைக்கிறார்கள். வேலைக்காகத்தான் குடியிருப்பு என்ற பழைய நியாயமும் இத்துடன் காலாவதியாகிவிட்டது.

செய்ய வேண்டியவை

2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்திக்கு மலையகத் தொழிலாளர்களும் பெருமளவில் வாக்களித்தனர். அதன் முதுகெலும்பான ஜனதா விமுக்தி பெரமுன ஒரு காலத்தில் இந்திய விரிவாக்கம் பற்றிய தன் அரசியல் வகுப்புகளில் இம்மக்களை ஐயத்தோடு பார்த்த கட்சி. 2023 அக்டோபரில் ஹட்டன் பிரகடனத்தின் மூலம் அவர்களது நில, மொழி, நிர்வாக உரிமைகளை ஏற்பதாக அறிவித்தது முக்கியமான மாற்றம். அந்த மாற்றத்தின் உரைகல் நிலமே. நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலத்தைக் கையில் வைத்துள்ள அரசு, சட்டச் சிக்கல் என்று கைவிரிக்க முடியாது.

லயன் தொகுதிகளையும் அவற்றைச் சூழ்ந்த பொது நிலத்தையும் கம்பெனிகளின் குத்தகையிலிருந்து விடுவித்து, பெயரும் எல்லையும் உள்ள கிராமங்களாக அரசிதழில் அறிவிக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடங்களிலிருந்து தொடங்கி, பாதுகாப்பான நிலத்தில் வீட்டுமனையும் பயிர்நிலமும் உறுதியோடு தரப்பட வேண்டும். அந்த உறுதியில் பெண்ணின் பெயரும் இருக்க வேண்டும். கிராம உத்தியோகத்தர் பிரிவுகள் மக்கள்தொகையின்படி மறுவரையறை செய்யப்பட வேண்டும். பிரதேச சபை எவருடைய தயவையும் நாடாமல் தன் வாக்காளர் வாழும் இடமெங்கும் பணிசெய்ய அதிகாரம் பெற வேண்டும். மாகாண சபைத் தேர்தல் உடனே நடத்தப்பட வேண்டும்.

நமக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. 1964இல் கையெழுத்திட்ட இரு அரசுகளில் ஒன்று நம்முடையது. அந்த ஒப்பந்தத்தின்படி வந்தவர்களுக்காகவே நீலகிரியிலும் வால்பாறையிலும் டான்டீ எனப்படும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் வளர்ந்தது. நுவரெலியாவின் லயனிலிருந்து புறப்பட்ட குடும்பம் கூடலூரிலும் கோத்தகிரியிலும் வந்து சேர்ந்தது இன்னொரு லயனுக்கே. 2022இல் டான்டீ நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்கும் முடிவு வந்தபோது, தலைமுறைகளாக உழைத்த மண்ணில் தமக்கு என்ன உரிமை என்று அவர்கள் கேட்டனர். கடலின் இரு கரையிலும் கேள்வி ஒன்றே. இலங்கைத் தோழர்களின் நிலக் கோரிக்கைக்குத் தோள்கொடுக்கும் நாம், இங்கே தாயகம் திரும்பியோரின் வீட்டுமனைப் பட்டாவுக்கான போராட்டத்தையும் அதே உறுதியோடு நடத்தினால்தான் நம் ஒருமைப்பாட்டுக்குப் பொருள் இருக்கும்.

அடுத்த பருவமழை மலைநாட்டில் பெய்யாமல் இருக்கப் போவதில்லை. அதற்குள் சரிவில் நிற்கும் ஒவ்வொரு லயனுக்கும் மாற்று நிலம் அடையாளம் காணப்பட வேண்டும் என்பதே இன்றைய அவசரக் கோரிக்கை. தோட்டத்தைக் கிராமமாக்கும் நீண்ட போராட்டம் அங்கிருந்தே தொடங்கட்டும்.